ஃபிரெடெரிக் ஃபோர்சைத் மறைந்தார்: 'ஜாக்கல்' எழுதிய நிருபரைப் பற்றிப் பேசுவோம்

#1 ஆந்தைவிழி

பிரிட்டிஷ் நாவலாசிரியர் ஃபிரெடெரிக் ஃபோர்சைத் 2025 ஜூன் 9 அன்று பக்கிங்ஹாம்ஷயரில் ஜோர்டன்ஸ் என்ற ஊரில் தன் வீட்டில் காலமானார். வயது 86. இரங்கல் குறிப்புகள் எல்லாம் 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' என்று ஆரம்பித்து, எல்லாப் புத்தகமும் சேர்த்து ஏழரைக் கோடிப் பிரதிகள் என்று முடிகின்றன. அதெல்லாம் சரிதான். ஆனால் அந்த நாவல் வெளிவரும்போது அவருக்கு 32 வயது. அதற்குள் மூன்று பேர் வாழ வேண்டிய வாழ்க்கையை வாழ்ந்து முடித்திருந்தார்.

கென்ட் மாவட்டத்து ஆஷ்ஃபோர்டில் ஒரு ரோமத்தோல் வியாபாரிக்கு ஒரே பிள்ளை. 1944-ல், ஐந்து வயதில், பக்கத்து விமானதளத்தில் யாரோ ஒருவர் அவரைத் தூக்கி ஸ்பிட்ஃபயர் விமானத்துக்குள் உட்கார வைத்தார். ஆவதானால் விமானி, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. பள்ளியில் கேம்பிரிட்ஜுக்குப் போகச் சொன்னார்கள்; இவர் கேட்கவில்லை. பள்ளி விடுமுறைகளில் அப்பா அவரை ஃபிரான்சிலும் ஜெர்மனியிலும் அந்த ஊர்க் குடும்பங்களோடு தங்க அனுப்பியதால் இரண்டு மொழியும் நாக்கில் ஒட்டிக்கொண்டன. ஸ்பெயினில் கொஞ்ச நாள் கிரனாடா பல்கலைக்கழகம், அங்கே காளைச்சண்டைப் பித்து. 19 வயதில் விமானப் படையில் வாம்பயர் ஜெட் ஓட்டினார். தொடர்ந்து பறக்க விடுவார்கள் என்று உறுதி இல்லை என்று தெரிந்ததும் வெளியே வந்துவிட்டார். உலகம் சுற்ற வேண்டும், செலவை வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஏற்ற வேலை நிருபர் வேலைதான். நார்ஃபோக்கில் ஒரு வட்டாரப் பத்திரிகை, 1961-ல் ராய்ட்டர்ஸ், பாரிஸ், கிழக்கு பெர்லின், பிபிசி, கடைசியாக நைஜீரியாவிலிருந்து பிரிந்து போரில் சிக்கிய பியாஃப்ரா.

அந்தப் பியாஃப்ராதான் அவரை எழுத்தாளர் ஆக்கியது என்பது என் கட்சி. நீங்கள் சொல்லுங்கள்.

#2 நைட்ஷிஃப்ட்

நான் படித்தது 'ஜாக்கல்' மட்டும்தான் அண்ணா. அதிலும் ஒரு இடத்தைத்தான் மறக்க முடியவில்லை. ஃபிரான்ஸ் ஜனாதிபதி டி கோலைக் கொல்லக் கூலி வாங்கிய 'ஜாக்கல்' என்பவன், பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டுக்குள் துப்பாக்கியைச் சோதித்துப் பார்க்கும் இடம். சந்தையில் ஒரு முலாம்பழம் வாங்கி, அதில் கண், மூக்கு, வாய் வரைந்து, ஒரு பையில் போட்டு மரத்தில் தொங்கவிடுவான். தூரத்தை அடி வைத்து அளப்பான். ஒரு குண்டு சுடுவான், நடந்து போய்ப் பார்ப்பான், தொலைநோக்கியின் திருகை இம்மியளவு திருப்புவான், மறுபடி வந்து படுப்பான். பக்கம் பக்கமாக இதேதான். கடைசியில் வெடிகுண்டு வைத்த தோட்டா. பழம் இருந்த இடத்தில் கூழ்தான் மிச்சம். அதுவரைக்கும் இவன் தோற்கப் போகிறான் என்று தெரிந்தே படித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த இடத்தில் வயிறு கலங்கிவிட்டது.

டி கோல் கொல்லப்படவே இல்லை என்று உலகத்துக்கே தெரியும். 1970-ல் தன் வீட்டில்தான் செத்தார். முடிவு தெரிந்த கதையை வைத்துக்கொண்டு எப்படி இப்படி ஓட்டினார்?

#3 பழுப்புத்தாள்

தம்பி, அதே கேள்வியைத்தான் பதிப்பாளர்களும் கேட்டார்கள். கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள்! டி கோல் உயிரோடு இருக்கும்போது அவரைக் கொல்லும் கதையை யார் வாங்குவார்கள் என்பது அவர்கள் கணக்கு. கடைசியில் ஹட்சின்சன் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. முதலில் அச்சடித்தது எட்டாயிரம் பிரதிதான்.

கதைக்கு விதை பாரிஸில் விழுந்தது. அல்ஜீரியாவுக்கு விடுதலை கொடுத்ததற்காக டி கோலைத் தீர்த்துக்கட்ட ஓ.ஏ.எஸ். என்ற ரகசிய அமைப்பு அலைந்துகொண்டிருந்த காலம். ராய்ட்டர்ஸ் நிருபர்களின் வேலை என்ன தெரியுமா? ஜனாதிபதி எங்கே போனாலும் பின்னாலேயே போவது. சுட்டால் முதலில் செய்தி தர வேண்டும். 1962 ஆகஸ்ட் 22 அன்று பெத்தி கிளமார் என்ற இடத்தில் நிஜமாகவே சுட்டார்கள். டயர் கிழிந்தும் சிட்ரோயன் கார் நிற்காமல் ஓடியதால் அவரும் மனைவியும் தப்பினார்கள். திட்டம் போட்ட பஸ்தியன் திரியை அடுத்த மார்ச்சில் சுட்டுக் கொன்றார்கள். நாவலின் ஆரம்பம் இதுதான், முழுக்க நிஜம்.

டி கோலின் மெய்க்காவலர்களோடு பேசிப் பேசி ஃபோர்சைத் ஒரு முடிவுக்கு வந்தார். ஓ.ஏ.எஸ். ஜெயிக்கவே முடியாது, ஏனென்றால் அதில் இருக்கிற அத்தனை பேரும் போலீஸ் கோப்பில் இருக்கிறார்கள். யாருக்கும் தெரியாத வெளி ஆள் ஒருவன், கூலிக்குச் செய்கிறவன் வந்தால்தான் நடக்கும். அந்த எண்ணம் ஏழு வருடம் அவர் தலைக்குள் கிடந்தது. 1970 ஜனவரியில் கையில் காசில்லை, வேலையில்லை, நண்பரின் வீட்டில் ஒண்டிக்குடித்தனம். பழைய தட்டச்சு இயந்திரத்தில் 35 நாளில் அடித்து முடித்தார். எனவே 'கொல்வானா' என்று நாம் படிக்கவில்லை. இவ்வளவு ஒழுங்காகச் செய்கிற ஒருவன் எந்த இடத்தில் வழுக்கப் போகிறான் என்று பார்க்கிறோம். சஸ்பென்ஸ் அங்கே இருக்கிறது.

முதலில் வைத்த தலைப்பு வெறும் 'தி ஜாக்கல்' தானாம். ஆப்பிரிக்க விலங்குகளைப் பற்றிய புத்தகம் என்று நினைத்துவிடுவார்கள் என்று முன்னால் 'தி டே ஆஃப்' என்று சேர்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

#4 வடலி

ஆந்தைவிழி அண்ணை சொன்னதுதான் சரி. எனக்கு ஃபோர்சைத் என்றால் ஜாக்கல் இல்லை, 1969-ல் பென்குயின் வெளியிட்ட 'தி பியாஃப்ரா ஸ்டோரி' தான். அவருடைய முதல் புத்தகம் அது. நாவலே இல்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1966-ல் வடக்கு நைஜீரியாவில் இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1967 மே 30 அன்று இக்போக்கள் அதிகம் வாழ்ந்த கிழக்கு மாநிலம் பியாஃப்ரா என்று தனி நாடாக அறிவித்துக்கொண்டது. தலைவர் ஒஜுக்வு, ஆக்ஸ்ஃபோர்டில் படித்த 33 வயது ராணுவ அதிகாரி. ஜூலையில் போர் தொடங்கியதும் பிபிசி ஃபோர்சைத்தை அனுப்பியது. சில நாளில் கலகம் அடங்கிவிடும், அதைப் பார்த்து எழுதிவிட்டு வா என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் லாகோஸில் இருந்த பிரிட்டிஷ் தூதரகம் சொன்னதற்கும் கண்ணால் பார்த்ததற்கும் சம்பந்தமே இல்லை. பார்த்ததை அனுப்பினார். ஒரு பக்கம் சாய்கிறார் என்று திருப்பி அழைத்துக்கொண்டார்கள். 1968-ல் வேலையை உதறிவிட்டுத் தன் செலவில் திரும்பிப் போனார்.

பிறகு வந்தது முற்றுகை. கடல் வழி அடைப்பு, தரை வழி அடைப்பு. உப்பும் புரதமும் இல்லாமல் குழந்தைகளின் வயிறு வீங்கி, முடி செம்பட்டையாகி, தோல் உரிந்து செத்தார்கள். 1968 நடுவில் அந்தப் படங்கள் ஐரோப்பியப் பத்திரிகைகளில் வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. உலி என்ற இடத்தில் அகலப்படுத்திய நெடுஞ்சாலைதான் விமான ஓடுபாதை. சாவோ தோமே தீவில் இருந்து தேவாலய அமைப்புகளின் விமானங்கள் இரவில், விளக்கில்லாமல் வந்து இறங்கும். நைஜீரியாவுக்கு ஆயுதம் கொடுத்துக்கொண்டே பிரிட்டன் நடுநிலை பேசியது. ஒளித்து வைத்த அந்தக் கதையை 2020 ஜனவரியில், 81 வயதில் கூட, கார்டியனில் கோபம் ஆறாமல் எழுதினார். அரை நூற்றாண்டு ஒரே கோபம்.

வன்னி முற்றுகையைப் பார்த்த சனத்துக்கு இந்தப் புத்தகத்தில் விளக்கம் ஒன்றும் தேவைப்படாது. 2009 மேக்குப் பிறகு நான் அதைத் திறக்கவில்லை. இப்போது அவர் செத்த செய்தி கேட்டு எடுத்தேன். உணவு லாரிகளைப் பற்றிய பேச்சுவார்த்தை அத்தியாயத்தோடு வைத்துவிட்டேன்.

#5 பிழைதிருத்தி

எல்லாம் சரி, ஒரு விஷயத்தை ஏன் யாரும் தொடவில்லை? அவர் உளவாளி. 2015-ல் வந்த தன்வரலாறு 'தி அவுட்சைடர்' நூலில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பிரிட்டிஷ் உளவு அமைப்பான எம்.ஐ.6 அவரை அணுகியது அந்தப் பியாஃப்ராவில்தான். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அவ்வப்போது வேலை செய்து கொடுத்திருக்கிறார். 1973-ல் தன் காரில் கிழக்கு ஜெர்மனிக்குள் போய், ட்ரெஸ்டனில் ஒரு அருங்காட்சியகக் கழிப்பறையில் ரஷ்ய அதிகாரி ஒருவரிடமிருந்து பொட்டலம் வாங்கி வந்திருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிருபர் அடையாள அட்டையோடு ஒருவன் உளவு பார்த்தால், நாளைக்கு எல்லைச் சாவடியில் நிற்கிற நிஜமான நிருபரை யார் நம்புவார்கள்? அந்தச் சந்தேகத்தில் செத்தவர்கள் உண்டு.

இரண்டாவது, இந்தச் சாகசங்களில் பாதிக்கு அவர் ஒருவரே சாட்சி. கிழக்கு பெர்லினில் தான் பழகிய பெண் அந்த நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரின் காதலி என்கிறார். ஹாம்பர்க்கில் ஆயுத வியாபாரிகளிடமிருந்து தப்பி ஓடும் ரயிலில் குதித்தேன் என்கிறார். கதை சொல்லியே பிழைத்தவர் தன் கதையை மட்டும் மிகையில்லாமல் சொல்லியிருப்பாரா?

#6 ஆந்தைவிழி

முதல் கேள்வி கனமானது. அதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. ஆனால் பியாஃப்ராவில் அவரிடம் கேட்டது என்ன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குழந்தைகள் சாகவில்லை என்று வெளியுறவுத் துறை சாதித்துக்கொண்டிருந்தது. உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்று எம்.ஐ.6 தெரிந்துகொள்ள விரும்பியது. பிபிசியில் சொல்லவிடாத அதே விஷயத்தைத்தான் இவர்களிடம் சொன்னார். காசு வாங்கவில்லை என்கிறார். செய்தியாக வெளியே போக வேண்டியது அறிக்கையாக உள்ளே போனது. சொந்த அரசின் ஒரு கை பொய் சொல்ல, இன்னொரு கை இவரிடம் உண்மை கேட்டது. ட்ரெஸ்டன் பயணத்துக்கு இந்த நியாயம் பொருந்தாது, அங்கே நீங்கள் சொல்வதே சரி. அப்போது அவர் பெயர்பெற்ற நாவலாசிரியர், நிருபர் இல்லை என்ற சின்ன வித்தியாசம் மட்டும் உண்டு.

இரண்டாவதற்கு: சாட்சி உள்ள கதைகளை மட்டும் வைத்துக்கொண்டாலே போதுமே. 2009 மார்ச்சில் 'தி கோப்ரா' நாவலுக்காக கினி-பிசாவ் போனார். கொக்கைன் கடத்தலுக்கு ஆப்பிரிக்க வாசல் அந்த நாடு. இவர் அங்கே இருக்கும்போதே ராணுவத் தளபதி குண்டுவெடிப்பில் செத்தார். சில மணி நேரத்தில் பழிக்குப் பழியாக ஜனாதிபதி வியேராவை ராணுவத்தினர் கொன்றார்கள். உலக ஊடகங்களுக்கு அங்கே ஆள் இல்லை. ஹோட்டல் அறையில் இருந்து செய்தி சொன்னது 70 வயது ஃபோர்சைத்! அடுத்த நாவலுக்கு 74 வயதில் மொகதிஷுவுக்கே போய்விட்டார். வீட்டில் உட்கார்ந்து எழுதியிருந்தாலும் விற்றிருக்கும்.

#7 பிழைதிருத்தி

பிசாவ் ஒப்புக்கொள்கிறேன், அது பதிவான விஷயம். ஆனால் 'இன்னொரு கை உண்மை கேட்டது' என்பது கொஞ்சம் அழகான வாக்கியம். கேட்ட கை அந்த உண்மையை வைத்து என்ன செய்தது? ஆயுதக் கப்பல் நின்றதா? போர் 1970 ஜனவரி 15 வரை நடந்தது. பத்து லட்சத்துக்கு மேல் செத்தார்கள்.

#8 வடலி

ஆயுதம் நிற்கவில்லை. அதனால்தான் மனுஷன் கடைசி வரை அடங்கவில்லை. ஒஜுக்வுவைக் கைவிடவும் இல்லை. தோற்று நாடுகடந்த தலைவருக்கு நண்பனாக இருப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை; இவர் 1982-ல் 'எமெக்கா' என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதில் விமர்சனம் குறைவு, பாசம் கூட. வாசிக்கச் சலிப்புத்தான், மறைக்க மாட்டேன்.

#9 பழுப்புத்தாள்

பேச்சு அந்தப் பக்கமே போகிறது, புத்தகங்களுக்கும் கொஞ்சம் வருவோம்.

'தி ஒடெசா ஃபைல்' (1972). ரீகாவில் யூதர் முகாமுக்குப் பொறுப்பாக இருந்த எட்வர்ட் ரோஷ்மன் என்ற நிஜமான நாஜியைத்தான் வில்லனாக வைத்தார். அப்படி வைக்கச் சொன்னவர் நாஜிகளைத் தேடிப் பிடித்த சைமன் வீசந்தால். கற்பனைப் பெயர் போதும் என்று நினைத்தவரிடம், நிஜப் பெயரையே போடு என்றார். 1974-ல் படம் வந்தது. அர்ஜென்டினாவில் ஒளிந்திருந்த ரோஷ்மனை ஆட்கள் அடையாளம் காண ஆரம்பித்தார்கள். 1977-ல் பராகுவேக்கு ஓடினான், அங்கேயே மாரடைப்பில் செத்தான். நாவலின் வில்லனை நாவலே துரத்திய கதை வேறு எங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

'தி டாக்ஸ் ஆஃப் வார்' (1974) வேறு ரகம். கூலிப்படை ஒரு ஆப்பிரிக்க நாட்டைப் பிடிக்கிற கதை என்று அட்டை சொல்லும். திறந்தால் கடைசிச் சில பக்கம்தான் சண்டை. மற்றதெல்லாம் கொள்முதல்! லக்ஸம்பர்க்கில் கம்பெனி பதிவு செய்வது, பழைய கப்பல் தேடுவது, தோட்டாக்களுக்கு எந்த நாட்டின் பெயரில் இறுதிப் பயனர் சான்று (ஆயுதம் யாருக்குப் போகிறது என்ற அரசாங்கச் சீட்டு) வாங்குவது, அதில் யார் கையெழுத்து, அவருக்கு எவ்வளவு லஞ்சம், துப்பாக்கிகளை எண்ணெய்ப் பீப்பாயின் அடியில் எப்படி மறைப்பது. கல்யாண வீட்டுச் செலவு நோட்டைப் படிக்கிற மாதிரி இருக்கும், ஆனாலும் கீழே வைக்க முடியாது. அந்த விவரத்துக்காகத்தான் ஹாம்பர்க்கில் தென்னாப்பிரிக்க ஆள் போல நடித்து வியாபாரிகளைச் சந்தித்தார். அதில் ஒருவர் புத்தகக் கடை ஜன்னலில் 'ஜாக்கல்' பின்னட்டைப் படத்தைப் பார்த்துவிட்டதால்தான் அந்த ஓட்டம்.

#10 பிழைதிருத்தி

அந்த ஹாம்பர்க் கதையின் மறுபக்கத்தையும் போடுங்கள். நாவலில் வரும் நாடு எக்குவடோரியல் கினியின் நகல். 1973-ல் நிஜமாகவே அந்த நாட்டைப் பிடிக்கக் கிளம்பிய ஒரு கும்பல் கேனரி தீவுகளில் தடுக்கப்பட்டது. அதற்குப் பணம் போட்டது ஃபோர்சைத் என்று 1978-ல் சண்டே டைம்ஸ் எழுதியது. ஆராய்ச்சிக்காக விசாரித்தேன், அவ்வளவுதான் என்றார் அவர். 2004-ல் சைமன் மன் என்ற பிரிட்டிஷ்காரர் ஒரு விமானம் நிறைய ஆட்களோடு ஹராரேயில் பிடிபட்டார். போகவிருந்த இடம் அதே எக்குவடோரியல் கினி. புத்தகம் கைநூல் ஆகிவிட்டது. இறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழை வைத்து பாஸ்போர்ட் வாங்கும் வழி 'ஜாக்கல்' மூலம் உலகம் முழுக்கப் பரவியதும் இப்படித்தான். இதில் எழுதியவருக்குப் பொறுப்பே கிடையாதா?

#11 நிலாமுற்றம்

அந்த ஓட்டையை முப்பது வருடத்துக்கு மேல் அடைக்காமல் வைத்திருந்த அரசாங்கத்தைக் கேளுங்கள். 'இதோ ஓட்டை' என்று நாவலில் காட்டியவரைக் கேட்டு என்ன ஆகப் போகிறது?

எனக்கு அவரிடம் வேறு குறை. பெண்கள் ஒருத்திக்கும் உயிர் கிடையாது. ஜாக்கலில் வரும் சீமாட்டி, ஒடெசாவில் வரும் காதலி எல்லாரும் ஆண்கள் அடுத்த ஊருக்குப் போகும்வரை தங்கிப் போகும் அறைகள். அரசியலும் எனக்கு ஆகாது. டெய்லி எக்ஸ்பிரஸில் அவர் எழுதிய பத்திகளை இரண்டுக்கு மேல் படிக்க முடிந்ததில்லை. பிரெக்ஸிட்டுக்கு அப்படி ஒரு வக்காலத்து. ஆச்சரியம் என்னவென்றால் அந்த வலதுசாரிக் கிழவரும், பியாஃப்ராக் குழந்தைகளுக்காக வேலையை விட்ட இளைஞரும் ஒரே ஆள்தான். அதிகாரியின் பேச்சை நம்பாதே என்று அங்கே கற்றுக்கொண்டார், பிறகு பிரஸ்ஸல்ஸில் இருக்கிற ஐரோப்பிய ஒன்றிய அதிகாரிகளையும் அதே கண்ணால் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

சிறுகதைகளை யாரும் சொல்லவில்லையே! 'தேர் ஆர் நோ ஸ்னேக்ஸ் இன் அயர்லாந்து' என்று ஒன்று. வட அயர்லாந்தில் மருத்துவம் படிக்கும் பஞ்சாபி மாணவன் ஹர்கிஷன் ராம் லால், செலவுக்காகக் கட்டடம் இடிக்கும் வேலைக்குப் போகிறான். மேஸ்திரி ஒருவன் நிறத்தைச் சொல்லி அவமானப்படுத்துகிறான், அடிக்கிறான். ராம் லால் ஊருக்குப் போய் ஒரு சுருட்டை விரியனோடு திரும்பி வருகிறான். மேஸ்திரியின் கோட்டுப் பைக்குள் அது போய்ச் சேர்ந்த பிறகு பதினைந்து பக்கம் மூச்சு விட முடியாது. மேற்கத்திய த்ரில்லரில் நம் ஆள் அப்போதெல்லாம் ஹோட்டல் சிப்பந்தியாகத்தான் வருவான். இதில் வாசகர் முழுக்க அவன் பக்கம். 1983-ல் எட்கர் விருது வாங்கிய கதை.

#12 ஆந்தைவிழி

அப்படியானால் 'தி ஷெப்பர்ட்' படித்திருப்பீர்களே? 1975-ல் வந்த குட்டிப் புத்தகம். பேய்க்கதை ஒன்று வேண்டும் என்று மனைவி கேட்டதற்காக ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் எழுதியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, வாம்பயர் விமானம், வட கடல் மேல் பனிமூட்டம். திசைகாட்டி போச்சு, ரேடியோ போச்சு, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது. ராடாரில் யாராவது கவனிக்கட்டும் என்று சின்னச் சின்ன முக்கோணமாகப் பறக்க ஆரம்பிக்கிறான். அந்தப் பயிற்சியை நிஜமாகவே எடுத்துக்கொண்ட 20 வயது விமானிதான் அந்த வரிகளை எழுதியிருக்க முடியும். கனடா வானொலியில் வருடா வருடம் கிறிஸ்துமஸ் சமயத்தில் இன்றைக்கும் ஒலிபரப்புகிறார்கள். சதி இல்லை, ஆயுதம் இல்லை, அரசியல் இல்லை. எனக்கு அவர் எழுதியதில் இதுதான் முதல் இடம். வடலி சண்டைக்கு வரலாம்.

#13 நைட்ஷிஃப்ட்

ஒரு சின்ன சந்தேகம். கார்லோஸ் என்ற தீவிரவாதிக்கு 'ஜாக்கல்' என்று பெயர் வந்ததும் இந்த நாவலால்தானா? அப்புறம், அடுத்து நான் எதை எடுக்க?

#14 பழுப்புத்தாள்

ஆமாம். 1975-ல் லண்டனில் அவனுடைய ஆயுதங்கள் கிடைத்த வீட்டில் இந்தப் புத்தகமும் இருந்தது, பத்திரிகைகள் பெயர் சூட்டிவிட்டன. அது அவனுடைய பிரதியே இல்லை என்று பிறகு தெரிந்தது. பெயர் போகவில்லை.

அடுத்து ஒடெசா எடுங்கள். 'தி டாக்ஸ் ஆஃப் வார்' பொறுமை உள்ளவர்களுக்கு. 1994-ன் 'தி ஃபிஸ்ட் ஆஃப் காட்' வளைகுடாப் போர் பிடித்தவர்களுக்கு. 2000-க்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் விவரம் உண்டு, ஆள் இல்லை. 2018-ன் 'தி ஃபாக்ஸ்' பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

#15 வடலி

தம்பி, நாவல் எது வேண்டுமானாலும் வாசியும். 'தி டாக்ஸ் ஆஃப் வார்' எடுத்தால் மட்டும் அதற்கு முன் பியாஃப்ரா புத்தகத்தை முடித்துவிடும். நாவலின் கடைசி அத்தியாயத்தில் நாட்டைப் பிடித்துக் கொடுப்பது யாருக்கு என்று வரும். நாடுகடந்த ஒரு தளபதி, தோற்ற ஒரு சனம். பியாஃப்ரா தெரியாமல் வாசித்தால் அது வெறும் திருப்பம்தான். பழைய பென்குயின் பதிப்பைத் தேட வேண்டாம். 1977-ல் விரித்து எழுதிய பதிப்பில் போரின் முடிவும் இருக்கிறது. அது 'தி மேக்கிங் ஆஃப் அன் ஆஃப்ரிக்கன் லெஜண்ட்' என்ற தலைப்பில் வந்தது, அந்தப் பெயரில் தேடும்.